பனையடியில் ஏழு சேர்மங்கள்: வாய்பாட்டிலும் மாதிரியிலும் காட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையின் பாளையைச் சீவிவிட்டால் சொட்டுவது ஒரே சாறுதான் என்றாலும், அது எந்தக் கலயத்தில் சொட்டுகிறது என்பதைப் பொறுத்து அதன் போக்கு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தது பதநீராகவே நின்று, அடுப்பிலேறிக் கருப்பட்டியாகவோ பனங்கற்கண்டாகவோ இறங்குகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்ததிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட்டுகள் எத்தனாலாக மாற்றிக் கள்ளாக்கிவிடுகின்றன. அந்தக் கள்ளும் காற்றுப்பட்டுக் கிடந்தால் அசிட்டிக் அமிலம் ஏறிக் காடியாகிறது. ஆக, ஒரு மரத்தடியிலேயே சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், எத்தனால், அசிட்டிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்சைடு, நீர் என ஏழு சேர்மங்கள் நமக்குக் கிடைத்துவிடுகின்றன. சேர்மங்களை எழுதியும் செய்தும் காட்டும் முறைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொள்வதற்கு இந்த ஏழும், கூடவே ஒரு பிடி தூத்துக்குடி உப்பும் போதும்.

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வாய்பாட்டைத் தவறில்லாமல் எழுதிவிடும் பிள்ளைகள்கூட, அந்த வாய்பாடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டால் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வாய்பாடு என்பது பெயரின் சுருக்கம் என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வகை வாய்பாடும் ஒவ்வொரு வகை மாதிரியும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு எழுதிய விடையாகும். அந்தக் கேள்விக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் அது தெரிந்தே விட்டுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு படியிலும் கேள்வியை முதலில் சொல்லிவிட்டுத்தான் முறையைச் சொல்லப்போகிறேன்.

எழுத்து பற்றி ஒரு சொல். தனிமக் குறியீடுகளை இங்கே நாம் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். தாளில் எழுதும்போது குறியீட்டின் முதலெழுத்து பெரியதாகவும் இரண்டாம் எழுத்து சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், ஒரு தனிமத்துக்கும் அடுத்த தனிமத்துக்கும் நடுவே சிறுகோடு இட்டிருக்கிறேன். ‘சிஓ’ என்று சேர்த்து எழுதினால் அது கோபால்ட் என்னும் உலோகம். ‘சி-ஓ’ என்று பிரித்து எழுதினால் அது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

முதல் படி: வாய்பாடு எழுதத் தகுந்த பொருள்தானா என்று பார்த்தல்

ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு கருப்பட்டி காய்ச்சும் இடத்துக்குப் போயிருந்தபோது, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பனையேறித் தாத்தா ஒருவர், “எல்லாத்துக்கும் எழுத்து போடுதியளே, கருப்பட்டிக்கு என்ன எழுத்து போடுவிய?” என்று கேட்டார். பிள்ளைகளில் ஒருவன் உடனே சுக்ரோஸின் வாய்பாட்டைச் சொன்னான். அது தவறு. கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான் என்றாலும், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சிறிது நீர், தாது உப்புகள், காய்ச்சும்போது உண்டான பழுப்புநிறப் பொருள்கள் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. அந்தக் கலப்பின் அளவும் சிரட்டைக்குச் சிரட்டை மாறும். கலவைக்கு வாய்பாடு கிடையாது. அதே பதநீரைப் பாகாக்கிப் பல நாள் அசைக்காமல் வைத்து எடுக்கும் பனங்கற்கண்டின் தெளிந்த படிகத்துக்கு மட்டும், அது ஏறத்தாழத் தூய சுக்ரோஸ் என்பதால், வாய்பாடு எழுதலாம். பதநீர், கள், காடி, தாமிரபரணித் தண்ணீர் ஆகிய நான்கும் கலவைகளே. அவற்றுக்குள் இருக்கும் தனித்தனிச் சேர்மங்களுக்குத்தான் வாய்பாடு உண்டு.

இரண்டாம் படி: குறியீடுகளைச் சரியாகப் பிடித்தல்

1808-இல் ஜான் டால்டன் அணுக்களை வட்டங்களாக வரைந்தார்: ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம், ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், கார்பனுக்குக் கறுப்பு நிரப்பிய வட்டம். பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் அச்சுக் கோப்பவர்களுக்கு அது பெருந்தொல்லை. 1813, 1814 ஆண்டுகளில் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ், தனிமத்தின் லத்தீன் பெயரிலிருந்து ஓரெழுத்தோ ஈரெழுத்தோ எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். சோடியத்துக்கு ‘என்ஏ’, பொட்டாசியத்துக்கு ‘கே’, இரும்புக்கு ‘எஃப்இ’ எனப் பெயரோடு ஒட்டாத குறியீடுகள் வருவதற்கு நேட்ரியம், கேலியம், ஃபெர்ரம் என்ற லத்தீன் பெயர்களே காரணம். பெர்சீலியஸ் அணுக்களின் எண்ணிக்கையை எழுத்தின் மேற்புறம் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதைக் கீழே இறக்கினார்கள்.

எண் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் இங்கே உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘2 எச்₂-ஓ’ என்பதில் முன்னால் நிற்கும் 2, நீர் மூலக்கூறுகள் இரண்டு என்கிறது. கீழே நிற்கும் 2, ஒரு மூலக்கூறுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு என்கிறது. ‘எச்₂-ஓ₂’ என்று எழுதிவிட்டாலோ அது ஹைட்ரஜன் பெராக்சைடு. குடிக்கும் பொருளே அன்று.

மூன்றாம் படி: அளவுகளிலிருந்து வாய்பாட்டுக்கு வருதல்

இங்கே கேள்வி: எந்தத் தனிமம் எத்தனை பங்கு இருக்கிறது? காடியிலிருந்து பிரித்தெடுத்த தூய அசிட்டிக் அமிலத்தைப் பகுத்துப் பார்த்தால் எடையில் கார்பன் 40.0 விழுக்காடு, ஹைட்ரஜன் 6.7 விழுக்காடு, ஆக்சிஜன் 53.3 விழுக்காடு என்று கிடைக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் வகுக்க வேண்டும்: 40.0-ஐ 12-ஆல் வகுத்தால் 3.33, 6.7-ஐ 1-ஆல் வகுத்தால் 6.7, 53.3-ஐ 16-ஆல் வகுத்தால் 3.33. இவற்றுள் மிகச்சிறிய எண்ணால் மூன்றையும் வகுத்தால் 1 : 2 : 1 என்ற விகிதம் வருகிறது. எனவே எளிய விகித வாய்பாடு ‘சி-எச்₂-ஓ’.

இனிக் குளுக்கோஸை எடுத்துப் பகுத்தாலும் இதே 40.0, 6.7, 53.3 தான் வரும். நாவைச் சுருட்டும் புளிப்புக்கும் பதநீரின் இனிப்புக்கும் ஒரே வாய்பாடா என்று வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அது எழ வேண்டும் என்பதற்காகவே இந்த இரண்டையும் நான் சேர்த்துக் கொடுப்பேன். எளிய விகித வாய்பாடு விகிதத்தை மட்டுமே சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. எண்ணிக்கை வேண்டுமானால் மூலக்கூறு எடையும் தெரிந்திருக்க வேண்டும். ‘சி-எச்₂-ஓ’வின் எடை 12 + 2 + 16 = 30. அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 60. ஆகவே இருமடங்காக்கி ‘சி₂-எச்₄-ஓ₂’. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. ஆகவே ஆறு மடங்காக்கி ‘சி₆-எச்₁₂-ஓ₆’. இவையே மூலக்கூறு வாய்பாடுகள்.

கணக்கில் 1 : 1.5 அல்லது 1 : 1.33 என்று வந்தால் பிள்ளைகள் அவசரப்பட்டு முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். 1.5 வந்தால் எல்லாவற்றையும் இரண்டாலும், 1.33 வந்தால் எல்லாவற்றையும் மூன்றாலும் பெருக்க வேண்டும். 1.02, 1.98 போன்றவற்றை மட்டுமே முழு எண்ணாக்கலாம்.

நான்காம் படி: சுண்ணாம்பும் உப்பும்

சர்க்கரைக்கு மூலக்கூறு உண்டு. உப்புக்கு இல்லை. தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் வெண்மையாகக் கட்டி நிற்கும் உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் (மின்சுமை ஏற்ற அணுவையே அயனி என்கிறோம்) ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் சூழ்ந்திருக்கின்றன. இதில் இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் என்று ஜோடி போட்டுக் காட்டவே முடியாது. எனவே ‘என்ஏ-சிஎல்’ என்பது மூலக்கூறு வாய்பாடு அன்று. அயனிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன என்று மட்டும் சொல்லும் வாய்பாட்டு அலகு.

அயனிச் சேர்மங்களுக்கு வாய்பாடு எழுதும்போது மின்சுமைகளின் கூட்டுத்தொகை சுழியாக வேண்டும் என்ற ஒரே விதிதான். கலயத்தில் தடவும் நீற்றிய சுண்ணாம்பில் கால்சியம் அயனியின் சுமை ‘சிஏ²⁺’. ஹைட்ராக்சைடின் சுமை ‘ஓ-எச்⁻’. ஒரு கால்சியத்துக்கு இரண்டு ஹைட்ராக்சைடு தேவைப்படுகிறது. இரண்டு என்பது ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் சேர்த்துப் பொருந்துவதால் அடைப்புக்குறி போட்டு ‘சிஏ-(ஓ-எச்)₂’ என்று எழுத வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஓர் ஆக்சிஜன் காணாமற்போய்விடும். தேர்வுத் தாள்களில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான்.

சுண்ணாம்பின் வாழ்க்கை முழுவதையும் இந்த வாய்பாடுகளால் எடைபோட்டே பார்க்கலாம். தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லானாலும் கடற்கரைச் சிப்பியானாலும் அதில் இருப்பது ‘சிஏ-சி-ஓ₃’. காளவாயில் சுடும்போது 100 கிலோவிலிருந்து 44 கிலோ கார்பன் டைஆக்சைடு புகையோடு போய்விட, 56 கிலோ ‘சிஏ-ஓ’ மிஞ்சுகிறது. அதில் 18 கிலோ நீர் சேர்ந்து கொதித்துப் பொங்கி 74 கிலோ ‘சிஏ-(ஓ-எச்)₂’ ஆகிறது. இவை கல்லும் சிப்பியும் முற்றிலும் தூயவை என்று கொண்ட கணக்கு. காளவாய்க்காரர் கணக்கு சற்றே குறையும்.

உப்பளத்தில் உப்பு படிவதற்கு முன்பே அடியில் படிந்துவிடும் ஜிப்சத்தின் வாய்பாட்டில் நடுவே ஒரு புள்ளி வரும்: ‘சிஏ-எஸ்-ஓ₄ · 2 எச்₂-ஓ’. இந்தப் புள்ளி பெருக்கல் குறி அன்று. படிகத்துக்குள் ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் குடியிருக்கின்றன என்பது அதன் பொருள். மொத்த எடை 172, அதில் நீர் 36. அதாவது கையில் உலர்ந்த கல்லாகத் தெரிவதில் ஏறத்தாழ 21 விழுக்காடு நீர்.

ஐந்தாம் படி: யாரோடு யார் பிணைந்திருக்கிறார்கள்

மூலக்கூறு வாய்பாடு கைவிட்டுவிடும் இடத்தில்தான் வேதியியல் சுவைபிடிக்கிறது. கள்ளிலுள்ள எத்தனால் ‘சி₂-எச்₆-ஓ’. டைமெத்தில் ஈதரும் அதே ‘சி₂-எச்₆-ஓ’. முன்னது 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். பின்னது சுழிக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், நம் ஊர் வெயிலில் வாயுவாக மட்டுமே இருக்கும். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, வேறு பிணைப்பு. இத்தகையவற்றை மாற்றியங்கள் என்கிறோம். இவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகவே அமைப்பு வாய்பாடு வந்தது.

வரையும் முறை இது. கார்பனுக்கு நான்கு கைகள், நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. முதலில் கார்பன்களையும் ஆக்சிஜன்களையும் கோடுகளால் இணைத்துச் சட்டகம் போட வேண்டும். பிறகு மீந்த கைகள் ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜனை மாட்ட வேண்டும். எத்தனாலில் சட்டகம் கார்பன், கார்பன், ஆக்சிஜன் என்று போகும். ஈதரில் கார்பன், ஆக்சிஜன், கார்பன் என்று போகும். ஹைட்ரஜன் இரண்டிலும் ஆறேதான் என்று எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சட்டகம் போடுவதற்கு முன்பே ஒரு சிறு கணக்கைச் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கார்பனின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரண்டைக் கூட்டி, ஹைட்ரஜனின் எண்ணிக்கையைக் கழித்து, பாதியாக்க வேண்டும். ஆக்சிஜன் இந்தக் கணக்கில் வராது. விடை, மூலக்கூறில் உள்ள வளையங்களும், ஒற்றைக் கோட்டுக்கு மேல் கூடுதலாக வரும் மிகுதிப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை. எத்தனாலுக்கு 4 + 2 − 6 = 0; வளையமும் இல்லை, இரட்டைப் பிணைப்பும் இல்லை. அசிட்டிக் அமிலத்துக்கு 4 + 2 − 4 = 2, பாதி 1; அதில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. குளுக்கோஸுக்கு 12 + 2 − 12 = 2, பாதி 1; சங்கிலியாக இருக்கும்போது அது ஓர் இரட்டைப் பிணைப்பு, வளையமாக மூடிக்கொண்டால் அதுவே ஒரு வளையம். சுக்ரோஸின் ‘சி₁₂-எச்₂₂-ஓ₁₁’க்கு 24 + 2 − 22 = 4, பாதி 2; இரண்டு வளையங்கள். படம் எதையும் பார்க்காமலே, எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு, கற்கண்டுக்குள் இரண்டு வளையங்கள் இருக்க இடமுண்டு என்று சொல்லிவிட முடிகிறது.

ஆறாம் படி: எலக்ட்ரான்களைப் புள்ளியாக வைத்தல்

பிணைப்புக் கோடு என்பது இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் எலக்ட்ரான் ஜோடி என்ற கருத்தை 1916-இல் கில்பர்ட் லூயிஸ் வெளியிட்டார். அவர் காட்டிய புள்ளிப் படத்தைச் சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட் அயனிக்குப் போட்டுப் பார்ப்போம். எளிய நீரைவிட இதில்தான் கற்க வேண்டியது அதிகம்.

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை முதலில் கூட்ட வேண்டும். கார்பனுக்கு 4, மூன்று ஆக்சிஜன்களுக்கு 18, எதிர்மின்சுமை இரண்டுக்கு 2, மொத்தம் 24. கார்பனை நடுவில் வைத்து மூன்று ஆக்சிஜன்களோடும் ஒற்றைக் கோடு போட்டால் 6 செலவாகிறது. மீதி 18-ஐ ஆக்சிஜன்களைச் சுற்றி ஆறாறாக வைத்தால் ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் எட்டு நிறைந்துவிடும். கார்பனுக்கோ ஆறு மட்டுமே இருக்கும். குறையைத் தீர்க்க, ஓர் ஆக்சிஜன் பங்கிடாமல் வைத்திருக்கும் தனித்த ஜோடி ஒன்றைப் பிணைப்பாக மாற்றி இரட்டைக் கோடாக்க வேண்டும்.

எந்த ஆக்சிஜன்? மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் மூன்று படங்கள் கிடைக்கின்றன. ஆனால் அளந்து பார்த்தால் மூன்று பிணைப்புகளும் ஒரே நீளம், ஏறத்தாழ 129 பிக்கோமீட்டர் (மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்). அயனி மூன்று படங்களுக்கிடையே மாறி மாறித் தாவுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியன்று. உண்மை அமைப்பு எப்போதும் ஒன்றே. நம்முடைய கோடுதான் ஒன்று அல்லது இரண்டு என்று முழு எண்ணில் மட்டுமே பேசத் தெரிந்தது. அதன் போதாமையை ஈடுகட்டவே மூன்று படங்களையும் வரைந்து நடுவே இருமுனை அம்பு போடுகிறோம். உடனிசைவு என்ற பெயர் இதற்குத்தான்.

ஏழாம் படி: சுருக்கி எழுதுதல்

எல்லாக் கோடுகளையும் வரைந்துகொண்டிருந்தால் சுக்ரோஸ் ஒன்றுக்கே ஒரு பக்கம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கார்பனோடும் அதன் ஹைட்ரஜன்களைச் சேர்த்து வரிசையாக எழுதும் சுருக்க வாய்பாடு புழக்கத்தில் உள்ளது. எத்தனால் ‘சி-எச்₃ சி-எச்₂ ஓ-எச்’. ஈதர் ‘சி-எச்₃ ஓ சி-எச்₃’. அசிட்டிக் அமிலம் ‘சி-எச்₃ சி-ஓ-ஓ-எச்’. கடைசியாகச் சொன்னதில் ஆக்சிஜன்கள் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இரண்டுமே கார்பனோடுதான் பிணைந்துள்ளன.

இன்னும் சுருக்க வேண்டுமானால் கோட்டு வாய்பாடு. வளைந்து வளைந்து செல்லும் கோட்டின் முனையும் ஒவ்வொரு திருப்பமும் ஒரு கார்பன். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்களை எழுதுவதில்லை. ஆக்சிஜன், நைட்ரஜன் போன்றவற்றையும் அவற்றோடு ஒட்டிய ஹைட்ரஜன்களையும் கட்டாயம் எழுத வேண்டும்.

கணினிக்குப் படம் தேவையில்லை என்பதால் அது ‘ஸ்மைல்ஸ்’ என்னும் ஒற்றைவரி எழுத்துமுறையை ஏற்றுக்கொள்கிறது. அதில் எத்தனால் வெறும் ‘சி-சி-ஓ’, ஈதர் ‘சி-ஓ-சி’. பப்கெம் போன்ற இலவசத் தரவுத்தளங்களில் சிறுகோடு இல்லாமல் உலகப் பொது எழுத்தில் இந்த வரியை இட்டால் கைப்பேசியிலேயே முப்பரிமாணப் படம் வந்துவிடும்.

எட்டாம் படி: தட்டைத் தாளில் ஆழம் காட்டுதல்

1874-இல் வாண்ட் ஹாஃப், லெ பெல் என்னும் இருவரும் தனித்தனியாக, கார்பனின் நான்கு கைகளும் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி நீள்கின்றன என்று சொன்னார்கள். இரண்டு கைகளுக்கு நடுவே உள்ள கோணம் 109.5 டிகிரி. தாளில் இதைக் காட்ட மூன்று வகைக் கோடுகள் போதும்: தாளின் தளத்திலேயே கிடப்பதற்குச் சாதாரணக் கோடு, நம்மை நோக்கி நீள்வதற்கு நிரப்பிய ஆப்பு வடிவம், பின்னால் போவதற்குத் துண்டு துண்டான ஆப்பு வடிவம்.

சர்க்கரைகளுக்கு எமில் ஃபிஷர் 1891-இல் ஒரு சிக்கனமான வழியைக் கண்டார். கார்பன் சங்கிலியைச் செங்குத்தாக வரைந்து, ஒவ்வொரு கார்பனிலும் ‘ஓ-எச்’ வலப்பக்கம் நிற்கிறதா, இடப்பக்கம் நிற்கிறதா என்று மட்டும் காட்டினார். இயற்கையில் கிடைக்கும் குளுக்கோஸில் இரண்டாம் கார்பனிலிருந்து ஐந்தாம் கார்பன்வரை அது வலம், இடம், வலம், வலம். ஃபிரக்டோஸில் இரண்டாம் கார்பனில் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாக நிற்க, அதற்குக் கீழே இடம், வலம், வலம். இந்தப் படத்தில் பக்கவாட்டுக் கோடுகள் எல்லாம் நம்மை நோக்கி வருவன, செங்குத்துக் கோடுகள் பின்னால் போவன. ஆகவே படத்தைத் தாளில் 90 டிகிரி திருப்பினால் அது வேறொரு சேர்மமாகிவிடும். 180 டிகிரி திருப்பலாம்.

ஒன்பதாம் படி: கையால் செய்தல்

நான் படித்த பள்ளியில் மூலக்கூறு மாதிரிப் பெட்டி ஒன்று இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியபடியே அது இருந்தது. ஆய்வு அதிகாரி வரும் நாளில் துடைத்து வைப்பார்களேயன்றி எங்கள் கையில் கொடுத்ததில்லை. அந்த ஏக்கத்தால்தானோ என்னவோ, என் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மூலக்கூறையாவது சொந்தமாகச் செய்த பிறகுதான் நான் அடுத்த பாடத்துக்குப் போவேன்.

குளத்துக் களிமண், தென்னை ஈர்க்கு, இரவில் ஊறவைத்த வெள்ளைப் பட்டாணி ஆகிய மூன்றும் போதும். கார்பனுக்கு அடுப்புக்கரிப் பொடி பிசைந்த களிமண் உருண்டை, ஆக்சிஜனுக்குக் காவிப்பொடி பிசைந்த உருண்டை, ஹைட்ரஜனுக்குப் பட்டாணி. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்ற இந்த வழக்கம் 1865-இல் லண்டனில் ஆகஸ்ட் ஹாஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளில் கம்பி செருகிக் காட்டிய மாதிரிகளிலிருந்து வருகிறது. நான்முகிக் கருத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முந்தையவை என்பதால் அவருடைய மாதிரிகள் தட்டையாகவே இருந்தன.

அளவுக்கு, 100 பிக்கோமீட்டரை 2 செண்டிமீட்டராக வைத்துக்கொள்ளலாம். அப்போது கார்பனிலிருந்து கார்பனுக்கு 154 பிக்கோமீட்டர் என்பது 3.1 செண்டிமீட்டர் ஆகும். கார்பனிலிருந்து ஆக்சிஜனுக்கு 2.9, கார்பனிலிருந்து ஹைட்ரஜனுக்கு 2.2, ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜனுக்கு 1.9. இவை உருண்டையின் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரங்கள் என்பதால், ஈர்க்கின் முனை ஏறத்தாழ மையம்வரை இறங்க வேண்டும். இது 20 கோடி மடங்கு பெரிதாக்கிய அளவு. ஒரு மில்லிமீட்டர் கற்கண்டுத் துணுக்கை இதே அளவில் பெரிதாக்கினால் அதன் நீளம் 200 கிலோமீட்டர்; நெல்லையில் தொடங்கி மதுரையைத் தாண்டிப் போய்விடும்.

கோணத்துக்குக் கண்ணை நம்பக் கூடாது. 109.5 டிகிரி வெட்டிய ஓர் அட்டைத் துண்டை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஈர்க்கைச் செருகும்போதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று ஈர்க்குகள் முக்காலிபோல் மேசையில் நிற்க, நான்காவது நேர் மேலே நோக்கினால் சரி. நான்கு பலூன்களை ஊதி வாயோடு வாய் சேர்த்துக் கட்டினால், அவை ஒன்றையொன்று நெருக்கித் தள்ளித் தாமாகவே இந்த அமைப்புக்கு வந்துவிடும். எலக்ட்ரான் ஜோடிகளும் இப்படித்தான் விலகி நிற்கின்றன. நீரில் நான்கில் இரண்டு இடங்களைத் தனித்த ஜோடிகள் பிடித்துக்கொண்டு அதிகமாக நெருக்குவதால், ஹைட்ரஜன்களுக்கு நடுவே கோணம் 104.5 டிகிரியாகக் குறைகிறது. நீருக்கென்று தனி அட்டை வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எத்தனாலைச் செய்யுங்கள். செய்தபின் நடுவிலுள்ள கார்பன்–கார்பன் ஈர்க்கைப் பிடித்து ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் அது எளிதாகச் சுழலும். அசிட்டிக் அமிலத்தில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே இரண்டு ஈர்க்குகளைச் சற்றே வளைத்துச் செருகித் திருகிப் பாருங்கள், சுழலாது. இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சுழற்சி இல்லை என்ற வரியைப் பத்து முறை எழுதுவதைவிட இந்த ஒரு திருகல் மனத்தில் நிற்கும்.

பந்து–குச்சி மாதிரி ஒரு பொய்யும் சொல்லும். அணுக்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதுபோல அது காட்டும். உண்மையில் அணுக்களின் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. அதைக் காட்டுவது இடம் நிரப்பும் மாதிரி. 1953-இல் ராபர்ட் கோரியும் லைனஸ் பாலிங்கும் அதைத் துல்லியமான அளவுகளோடு வடிவமைத்தார்கள். நம் அளவில் கார்பனின் ஆரம் 3.4 செண்டிமீட்டர், ஆக்சிஜனுக்கு 3.0, ஹைட்ரஜனுக்கு 2.4, ஆனால் மையங்களின் தூரம் முன்போலவே 2 முதல் 3 செண்டிமீட்டர் என்பதால், உருண்டைகளைச் சீவித்தான் ஒட்ட முடியும். எது எதோடு இடிக்கும், எது எந்த இடுக்கில் நுழையும் என்ற கேள்விக்கு விடை இந்த மாதிரியில்தான் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடன் உழைத்தவர்களும் 1963-இல் புரதச் சங்கிலிகளுக்கு வரைந்த புகழ்பெற்ற வரைபடம் இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது: எந்தெந்தக் கோணங்களுக்குத் திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்கும்?

பத்தாம் படி: கற்கண்டைக் கட்டுதல்

எல்லாம் கைவந்த பிறகு சுக்ரோஸுக்குப் போகலாம். நேரே 45 உருண்டைகளோடு தொடங்கினால் குழம்பிவிடும் என்பதால், ஆறு மூலை வளையமாகக் குளுக்கோஸையும், ஐந்து மூலை வளையமாக ஃபிரக்டோஸையும் தனித்தனியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு மூலை ஆக்சிஜன், மற்றவை கார்பன். ஒவ்வொரு மாதிரியிலும் 24 அணுக்கள் இருக்கின்றனவா என்று எண்ணிவிடுங்கள். பின்னர் குளுக்கோஸின் முதல் கார்பனிலுள்ள ‘ஓ-எச்’சிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் கழற்றி, ஃபிரக்டோஸின் இரண்டாம் கார்பனிலுள்ள ‘ஓ-எச்’சை முழுவதுமாகக் கழற்றி, மீந்த ஆக்சிஜனைப் பாலமாக வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். 45 உருண்டைகளும் 46 ஈர்க்குகளும் இருந்தால் கணக்குச் சரி. வளையமே இல்லாவிட்டால் 44 ஈர்க்குகள் போதும், கூடுதலாக உள்ள இரண்டும் ஐந்தாம் படியில் கணக்கிட்ட அதே இரண்டு வளையங்களுக்கானவை.

மேசையில் ஒரு சிவப்பு உருண்டையும் இரண்டு பட்டாணிகளும் மிஞ்சியிருக்கும். அவற்றைச் சேர்த்தால் ஒரு நீர் மூலக்கூறு. அதை எடுத்து மறுபடியும் பாலத்தில் செருகினால் சுக்ரோஸ் பழையபடி இரண்டாகப் பிரிந்துவிடும். சுண்ணாம்பு சரியாகத் தடவாத கலயத்தில் பதநீர் புளிக்கத் தொடங்கும்போது, ஈஸ்ட்டின் நொதி செய்வதும் அமிலம் துணைபோவதும் இதே பிரிப்புக்குத்தான். அப்படிப் பிரிந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுந்துவிட்ட பாகு, எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சிரட்டையில் ஊற்றிய பின் இறுகாமல் இளகியே நிற்கும்.